அடுப்பங்கரை விருந்து

மேற்காசியா எனக்கு ஏற்காடு சாலையில் தொடங்கிற்று. சேலம் அஸ்தம்பட்டியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து சேர்வராயன் மலையை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு கண்ணுக்குத் தென்படும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ 1956ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்திலிருந்துதான் வெளிவந்தது. தகப்பனாரின் தோள்மேல் அமர்ந்து அப்படத்தைக் கண்ட ஆறு வயதுப் பாலகனாகிய நான், பாக்தாத் என்னும் பட்டணம் எங்கள் சாலையோரத்து மதிலுக்கு அப்பால்தான் இருக்கிறதென்று மெய்யாகவே நம்பினேன். தலைப்பாகையும் தாடியும் பளபளக்கும் கத்தியுமாக அன்று என் மனத்தில் பதிந்த அந்தத் தேசங்களின் சித்திரம், நான் தமிழாசிரியனாகி, முப்பது ஆண்டுகளுக்குமேல் வகுப்பறைகளில் நின்று, ஓய்வும் பெற்ற பின்னர்கூட அழியாமலிருந்தது. அதை அழித்து வேறொரு சித்திரத்தை எழுதியது, லண்டன் மாநகரின் வடபகுதியில், ஹாரிங்கே என்னும் பேட்டையில், ஒரு குர்து இனத்தவர் நடத்திய சின்னஞ்சிறிய உணவகமும் அதன் தணலுமே.

2012ஆம் ஆண்டு மார்கழியில், என் மகளின் பிள்ளைப்பேற்றை முன்னிட்டு நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தோம். மகளின் வீடு, ஏணியின் படிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் தெருக்களில் ஒன்றில் இருந்தது. அப்பகுதியை அங்குள்ளவர்கள் ஏணி என்றே அழைக்கிறார்கள். அந்த ஏணியின் ஒரு பக்கத்துக் கால்போல நீண்டு கிடப்பது கிரீன் லேன்ஸ் என்னும் பெருஞ்சாலை. முற்காலத்தில் ஆடுமாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற வழி அது என்பார்கள். இப்போது அதன் இருமருங்கிலும் துருக்கியரும் சைப்ரஸ் தீவினரும் குர்துகளும் நடத்தும் கறிக்கடைகளும் காய்கறிக்கடைகளும் இனிப்புக்கடைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கின்றன. அந்தி மயங்கியதும் உணவகங்களின் புகைபோக்கிகளிலிருந்து எழுந்து, ஈரக்குளிரில் மேலே செல்ல மாட்டாமல் தாழ்ந்து படரும் புகை, தெருவில் நடப்பவனின் மேற்சட்டையிலும் தலைமயிரிலும் தங்கி வீடுவரை கூடவே வரும்.

முதன்முதலாக நான் அவ்வுணவகத்துள் நுழைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஹைகேட்டில் 1986ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகன் கோவிலுக்குப் போய்த் தரிசனம் முடித்துக்கொண்டு, ஆர்ச்வேயில் 41ஆம் எண் பேருந்தில் ஏறி, டர்ன்பைக் லேனில் இறங்கி நடந்து வருகையில், தணலின்மேல் ஆட்டுக்கொழுப்பு சொட்டிக் கருகும் மணம் என்னை நிறுத்திற்று. அந்த மணம் எனக்குப் புதியதன்று. எங்கள் குலத்தில் முனியப்பனுக்குக் கிடாய் வெட்டிய மறுநாள், மிஞ்சிய கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலிலே கோத்து, புறக்கடையில் காக்கை அண்டாதபடி கட்டி உலர்த்தி, என் அப்பாயி உப்புக்கண்டம் போடுவாள். பின்னர் ஐப்பசி மழையில், வெளியே எட்டிப்பார்க்கவும் முடியாத இரவுகளில், சோறு வடித்த அடுப்பின் தணலை முன்னே இழுத்துப் பரப்பி, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டு, கல்லில் வைத்து நசுக்கி, எங்கள் கையில் சூட்டோடு கொடுப்பாள். அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அந்தப் புகையே, ஐயாயிரம் மைல் கடந்து, என்னை அந்தக் கண்ணாடிக் கதவருகே நிற்க வைத்தது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசைகளுக்குமேல் இல்லை. வாயிலை ஒட்டியே, ஓராள் நீளத்துக்குக் கரி அடுப்பு. அதன்மேல் செம்புத் தகட்டில் தட்டிச் செய்த புகைக்கூண்டு. அடுப்பின் பின்னே, எனக்கு ஒத்த பிராயமுடைய பெரியவர் ஒருவர், மீசையில் வெண்மையும் முன்கைகளில் தீக்காயத் தழும்புகளுமாக நின்று, இரும்புக் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். இத்தகைய கடையைத் துருக்கி மொழியில் ‘ஓஜாக்பாஷி’ என்கிறார்கள். அதற்கு அடுப்பின் அருகு என்று பொருளாம். நம் வீடுகளில் அடுப்பங்கரை என்கிறோமே, அதற்கு இதைவிட நேரான இணைச்சொல் கிடைக்குமா என்று தெரியவில்லை. அடுப்பங்கரை என்பது நம்மவர்க்கு உறவினர் மட்டுமே நுழையும் இடம். இங்கேயோ, வழிப்போக்கனை முதலில் அழைத்து அமர்த்துவதே அந்த இடத்தில்தான்.

உட்கார்ந்ததும், கேளாமலேயே, ஊதிப் புடைத்த ரொட்டி ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து தக்காளியும் மிளகாயும் பொடியாக அரிந்து கலந்த துவையல். பின்னர், முழு வெங்காயத்தைத் தணலில் சுட்டு, இதழிதழாகப் பிரித்து, காய்ச்சிய மாதுளைச்சாறும் கருங்கேரட்டைப் புளிக்க வைத்து வடித்த நீரும் ஊற்றி ஊறவைத்த ஒரு பதார்த்தம். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டில் பீட்ரூட் துருவல் சட்னியோடு கலந்து இறங்கும் அதே ஊதாச் சிவப்பு நிறம். ஆனால் புளிப்பு, நம் புளியின் கனத்த புளிப்பும் அன்று, எலுமிச்சையின் கூர்ந்த புளிப்பும் அன்று, இரண்டுக்கும் நடுவே நின்று நாவைத் தட்டியெழுப்பும் ஒரு புளிப்பு. இவை எதற்கும் காசு வாங்குவதில்லை என்று என் மகள் சொன்னாள். கேட்டு வாங்குவதற்குத்தான் விலையாம்.

நான் கேட்டு வாங்க வேண்டிய கட்டம் வந்தபோது, இன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி உண்பதில்லை என்று என் மகளைச் சொல்லச் சொன்னேன். இறைச்சியே தொழிலாகக் கொண்ட கடையில் அவ்வாறு சொல்லுவது பிழையோ என்னும் கூச்சம் எனக்கு இருந்தது. அந்தப் பெரியவரின் முகத்திலோ ஆச்சரியத்தின் அறிகுறியே இல்லை. அவர் கம்பியை அடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து, தாம் அலெவி நெறியைச் சேர்ந்தவர் என்றும், தம்மவர் முஹர்ரம் மாதத்தில் பன்னிரண்டு நாள் நோன்பிருந்து, அந்நாட்களில் ஆட்டின் கழுத்தில் கத்தி வைப்பதில்லை என்றும், அந்த நோன்பு சென்ற மாதந்தான் முடிந்தது என்றும் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வலக்கையை நெஞ்சில் வைத்து, ‘ஸெர் ச்சாவான்’ என்று கூறிச் சென்றார். ‘என் கண்களின் மேல்’ என்பது அதன் பொருள்; விருந்தினன் கேட்டதைக் கண்மேல் ஏற்றுக்கொண்டேன் என்பது கருத்து. சிரமேற்கொண்டேன் என்று நாம் சொல்வதை அவர்களும் சொல்வதுண்டாம். ஆயினும், தலையைக் காட்டிலும் கண்ணே அவர்களுக்கு முந்தியது.

வந்தது பருப்புச் சாறு. செம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, உருக்கிய வெண்ணெயில் மிளகாய்த் துகளை வதக்கி மேலே ஊற்றி, எலுமிச்சைத் துண்டோடு வைத்தார்கள். நோயுற்றவனுக்கு வீட்டில் வைத்துக் கொடுக்கும் உணவைப்போல, எவ்வித ஆடம்பரமும் இல்லாமல், தொண்டை முதல் வயிறு வரை இதமாக இறங்கிய அந்தச் சாற்றை நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் கணக்கில் ஏறவில்லை.

கடையின் பெயர்ப்பலகையில் துருக்கி உணவகம் என்றே எழுதியிருந்தது. ஆதலால், தேநீர் வந்த வேளையில், தாங்கள் துருக்கியரா என்று நான் கேட்டேன். அவர் சற்றே தாமதித்து, “கடவுச்சீட்டில் அப்படித்தான், வீட்டில் நாங்கள் குர்துகள்” என்றார். துருக்கியின் மராஷ் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர் அவருடைய பிறப்பிடம். 1978ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரில் அலெவிகள் நூற்றுக்குமேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பின்னர் 1980இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1983இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெயரைக்கூடச் சுட்டாமல், குர்து மொழியில் எதையும் அச்சிடுவதையும் வெளியிடுவதையும் தடுத்தது. அச்சட்டம் நீக்கப்பட்டது 1991இல். அவர் அதற்குமுன்பே, 1989ஆம் ஆண்டில், ஆயிரக்கணக்கானவர்களோடு ஒருவராக லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவர் வந்த சில வாரங்களிலேயே துருக்கியிலிருந்து வருவோருக்கு விசா கட்டாயமாயிற்று. இதை அவர் சொன்னபோது, கோவிலில் எனக்குப் பரிச்சயமான யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், இலங்கையிலிருந்து தமிழர் வரத் தொடங்கிய பின் 1985இல் அந்நாட்டவருக்கும் இவ்வாறே விசா விதித்தார்கள் என்று முன்னமே கூறியிருந்தது என் ஞாபகத்துக்கு வந்தது. பெயர்ப்பலகையில் தம் இனத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்: “துருக்கி உணவென்றால் தெருவில் போகிறவருக்குத் தெரியும். குர்து உணவென்றால் விளக்கம் சொல்ல வேண்டும். அடுப்பு காத்திருக்காது.”

அடுத்த சில வாரங்களில் நான் அக்கடைக்கு அன்றாடம் போகிறவனானேன். பேரப்பிள்ளை பிறந்து, வீட்டில் பெண்களின் ஆளுகை ஓங்கிய நாட்கள் அவை. பிற்பகலில், கூட்டம் வருமுன், அடுப்பின் அருகிலிருந்த சிறு மேசையில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு, அவர் தம் ஆயத்தங்களைச் செய்வார். அரிவாளைப்போல வளைந்து இருகையாலும் பிடிக்கும் ஒரு பெருங்கத்தியால் ஆட்டிறைச்சியையும் வால்கொழுப்பையும் கொத்துவார். யந்திரத்தில் அரைத்தால் சதை கூழாகிவிடும், கத்தியால் கொத்தினால்தான் கம்பியைப் பற்றி நிற்கும் என்பது அவர் கொள்கை. கொத்துக்கறிக்குப் பட்டையான கம்பி, துண்டுக்கறிக்குச் சன்னமான கம்பி. கம்பியில் பிடித்த கறியை விரலால் அழுத்தி அலையலையாகப் பள்ளமிடுவார். கறி வேகும்போது, நடுவே, ஒரு ரொட்டியை எடுத்து அதன்மேல் அழுத்தி, வடியும் கொழுப்பையும் சாற்றையும் ரொட்டியில் ஏற்றி, மீண்டும் தணலில் காட்டுவார். அந்த ரொட்டியே அந்த உணவின் உயிர். உண்பவர் பலர் கறியைத் தின்றுவிட்டு அதை மிச்சம் வைத்துப் போவதைக் காணும்போது எனக்குப் பொறுக்காது.

ரொட்டிக்கு அவர்கள் மொழியில் ‘நான்’ என்று பெயர். தண்ணீர் ஆவ்; தயிர் மாஸ்த்; உப்பிட்ட மோர் தெவ். அந்த மோரில் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்துவிட்டால் சித்திரை மாதத்தில் சேலத்துப் பந்தலில் ஊற்றும் நீர்மோருக்கும் அதற்கும் பேதம் இராது. ஒருநாள் எண்களைச் சொல்லும்படி கேட்டேன். பென்ஜ், ஹெஃப்த், ஹெஷ்த், தெஹ் என்று அவர் விரல்விட்டு எண்ணியபோது, பஞ்ச, சப்த, அஷ்ட, தச என்று சமஸ்கிருதத்தில் நான் ஒவ்வொன்றாக ஈடுகொடுத்தேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டார். அடுக்களையிலிருந்த தம் மகனைக் கூவி அழைத்து, இவற்றை மறுபடியும் சொல்லுங்கள் என்று என்னை வேண்டினார். இவை என் தாய்மொழியின் எண்கள் அல்ல, எங்கள் ஊரில் வந்து குடியேறிய ஒரு பழைய மொழியின் எண்கள் என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழிலும் எண்ணிக் காட்டினேன்.

இனி, முக்கியமானதொன்றைச் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டில் இரண்டாவதாக நிற்கும் பொருநராற்றுப்படையை நான் எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன். கரிகாற் பெருவளத்தானின் அவையில், பசித்து வந்த பொருநர்க்கு இரும்புக் காழில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள். அவர்கள் அதன் வெப்பம் தாங்காமல் வாயின் இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றி ஒற்றி உண்கிறார்கள் என்று முடத்தாமக்கண்ணியார் பாடியிருக்கிறார். காழ் என்பதற்குக் கம்பி என்று கரும்பலகையில் பொருள் எழுதுவேன். அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அந்தத் தை மாதத்து மாலையில், பெரியவர் ஒரு துண்டைக் கம்பியிலிருந்து உருவி, தட்டில் வைக்காமலேயே, “ஆறினால் இது வேறு பண்டம்” என்று என் கையில் கொடுக்க, நான் அதை வாயிலிட்டேன். வெளியே கருகிய பொருக்கு; உள்ளே கொதிக்கும் கொழுப்பு; மராஷ் மிளகாயின் மெல்லிய காரம். துப்பவும் மனமில்லை, கடிக்கவும் இயலவில்லை. நாக்கு தானாகவே அதை இடக் கன்னத்துக்கும் வலக் கன்னத்துக்குமாகத் தள்ளிற்று. கண்ணில் நீர் வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாக ஒரு புலவர் கண்டெழுதிய காட்சி என் வாய்க்குள் பிரத்தியட்சமாக நிகழ்ந்துகொண்டிருந்தது. அதன் பொருளை எத்தனை மாணவர்க்கு நான் சொல்லாமல் விட்டேன் என்ற துக்கமும் அதனோடு கூடவே எழுந்தது. அவரிடம் அன்றே அப்பாட்டின் செய்தியைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: “அந்தப் பாணர்களிடம் காசு வாங்கினார்களா?” இல்லை, யானையும் தேரும் கொடுத்து அனுப்பினார்கள் என்றேன். அவர் திருப்தியாகத் தலையை அசைத்தார்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், வழக்கத்துக்கு மாறாக, லண்டனில் கொடுங்குளிராக இருந்தது. 21ஆம் தேதி வியாழக்கிழமை, குர்துகளின் புத்தாண்டாகிய நெவ்ரோஸ். அன்று இரவு யாழ்ப்பாணத்து நண்பரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேசைகள் நிறைந்திருந்தன, இளைஞர் பலர் நின்றுகொண்டே இருந்தனர், சுவரின் மேலிருந்த தொலைக்காட்சியில், அவர்கள் ஆமெத் என்று அழைக்கும் தியார்பக்கிர் நகரத்துத் திடலில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு மனித சமுத்திரம். 1999 முதல் ஒரு தீவுச் சிறையில் இருக்கும் குர்துத் தலைவர் அப்துல்லா ஒஜலானின் கடிதம் துருக்கியிலும் குர்து மொழியிலும் வாசிக்கப்பட்ட காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். துப்பாக்கிகள் ஓயட்டும் என்பது கடிதத்தின் சாரம். அதே நாளில் ஜெனீவாவில், இலங்கையைப் பற்றிய தீர்மானம் மனித உரிமைகள் மன்றத்தில் 25 வாக்குகளுக்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியிருந்தது. தமிழகத்தில் அந்த மாதம் முழுவதும் மாணவர் கிளர்ச்சி.

நண்பர் தொலைக்காட்சியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “மாஸ்டர், இவையளின்ரை சனமும் எங்கடை சனமும் ஒரே வரிசையிலைதான் நிண்டிருக்கு” என்றார். வேறொன்றும் பேசவில்லை. முன்னிருந்த ரொட்டியைக் கிள்ளி, கொழுப்பில் தோய்த்து, மெதுவாக உண்டார். பெரியவர் அன்று அடுப்பைவிட்டு நகரவே இல்லை. கண் தொலைக்காட்சியில் இருந்தது. கை மட்டும், பார்வையின் உதவியை வேண்டாமல், கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிற்று. ஒரு துண்டும் கருகவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர் அவர் எங்கள் மேசைக்குத் தேநீருடன் வந்தார். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் பாலில்லாத செந்தேநீர். சர்க்கரைக் கட்டியை அதில் இடாமல் பல்லிடையே வைத்துக்கொண்டு பருகினார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு காபி குடிக்கும் எங்கள் ஊர் முதியவர்களை நினைத்துக்கொண்டேன். நெவ்ரோஸின் கதையை அன்றுதான் சொன்னார். கொடுங்கோலன் ஒருவனை காவா என்னும் கொல்லன் தன் சம்மட்டியால் வீழ்த்தி, அச்செய்தியை ஊராருக்கு அறிவிக்க மலைமேல் தீ மூட்டினானாம். கொல்லன் என்றதும் நான் எங்கள் கஞ்சமலையைப் பற்றிச் சொன்னேன்: மலை முழுதும் இரும்புத் தாது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்துத் தாது பரங்கிப்பேட்டை ஆலையில் உருகி இங்கிலாந்துக்கே கப்பலேறியது. “அப்படியானால் இந்தக் கம்பியில் உங்கள் ஊர் இரும்பும் இருக்கலாம்” என்று அவர் ஒரு கம்பியை எடுத்து விளக்கொளியில் பார்த்தார்.

பிறகு, கட்டளை குறிக்கும் தாள் ஒன்றைக் கிழித்து, பண்டிகையின் பெயரை எழுதினார். துருக்கியில் 1928ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நெடுங்கணக்கில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் என்னும் மூன்று எழுத்துகளுக்கும் இடமில்லை. குர்து மொழிக்கோ அவை இன்றியமையாதவை. நெவ்ரோஸ் என்னும் சொல்லை டபிள்யூ இட்டு எழுதி வழக்குக்கு ஆளானவர்கள் உண்டு. அந்த எழுத்தை அவர் மற்றவற்றைவிடப் பெரிதாக, இருமுறை அழுத்தி எழுதினார். “உங்களுக்கே உரிய எழுத்து ஏதேனும் உண்டா?” என்று கேட்டார். அதன் கீழே நான் ‘ழ’ என்று எழுதி, ஒலித்தும் காட்டினேன். யாழ்ப்பாணத்து நண்பரும் ஒலித்தார். பெரியவர் நாவை மடித்து மடித்து முயன்றார். நான்காம் முறையில் ஏறத்தாழ வந்துவிட்டது.

சித்திரை பிறப்பதற்குமுன் நாங்கள் ஊர் திரும்பினோம். புறப்படுவதற்கு முந்திய இரவு, அவர் மேலங்கிகூட இல்லாமல், இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, பனிக்காற்றில் எங்களுடன் தெருமுனை வரை நடந்து வந்தார். கரிகாலன் தன் விருந்தினரோடு ஏழடி நடந்துவந்து வழியனுப்பினான் என்று பாட்டு சொல்கிறது. அவர் நடந்தது அதைவிட மிகுதி.

அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி துருக்கி அரசு அந்த மூன்று எழுத்துகளுக்கும் இருந்த தடையை நீக்குவதாக அறிவித்ததை அஸ்தம்பட்டியில் பத்திரிகையில் வாசித்தேன். உடனே அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில், சூட்டிறைச்சி வரும் இடத்தில்தான் அதை வைத்திருக்கிறேன். அன்றைய மேசையிலிருந்து தாளில் ஏறிய ஆட்டுக்கொழுப்பு, மெல்லக் கசிந்து, நச்சினார்க்கினியர் உரையின் இரண்டு வரிகளின் மேல் கண்ணாடிபோலப் படர்ந்திருக்கிறது. அதன் வழியே மறுபக்கத்து எழுத்துகளும் தெரிகின்றன.